எது நான் செய்தது?

மூன்றாவது மாடியின் கடைசி அறையில் ஒரு நாற்காலி சும்மாவே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, முதுகு விட்டுப்போகிற அளவுக்குக் குனிந்து உட்கார்ந்து, அவள் கண் செய்துகொண்டிருந்தாள்.

கண் என்றால் பொய்க்கண். நோயிலோ விபத்திலோ கண்ணைப் பறிகொடுத்தவர்களுக்குக் குழிக்குள் பொருத்துகிற பிளாஸ்டிக் கண். குழிக்கு அச்சு எடுத்து, அந்த அச்சில் வெள்ளையை வார்த்து, ஆளை எதிரில் உட்காரவைத்து, அவருடைய நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழியை வரைய வேண்டும். சிவப்பு நூலைப் பிரித்து இழை இழையாக ஒட்டி நரம்பு ஓட்ட வேண்டும். மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு, பிறகு பாலிஷ். சொல்வதற்கு ஒரு மூச்சு போதும், செய்வதற்குள் பிராணன் போய்விடும். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணுக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு அங்கே வேறு ஆள் கிடையாது.

நாற்காலி பெரியவருடையது. அவளுக்கு முன்னால் அந்த அறையை ஆண்டவர். அவர் செத்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முடித்த கண்ணைக் கையில் வாங்கியதும் நாக்கை மேலண்ணத்தில் வைத்து "த்சு" என்பார். திட்டமாட்டார். என்ன குறை என்றும் சொல்லமாட்டார். கேட்டால் காது கேட்காதவர் மாதிரி ஜன்னலைப் பார்ப்பார். பிடி கொடுக்காத மனுஷன் என்று ஊரில் சொல்வார்களே, அந்த ஜாதி.

ஆள் போய்விட்டார், சத்தம் போகவில்லை. அதுதான் சங்கதி.

முதல் தடவை கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டப்பகல், ஜன்னல் வழியாக வெயில் மேஜை மேல் கிடக்கிறது, வராந்தாவில் நர்ஸுகள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அவள் பாலிஷ் போட்ட கண்ணை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இடது தோளுக்குப் பின்னால், நாற்காலி இருக்கும் திசையிலிருந்து, "த்சு." திரும்பிப் பார்த்தால் நாற்காலிதான் இருந்தது. அதன் குஷனில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இன்னும் எழும்பியிருக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கண்ணை அவள் உருக்கிவிட்டு வேறு செய்தாள். அதற்கும் சத்தம் வந்தது.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா பிரஸ்ஸில் அச்சுப் பிழை பார்க்கிறவள், எதையும் லேசில் விடமாட்டாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே சமையலறை.

"ஏண்டி, அந்த ஆளுக்குச் செத்தப்புறமும் சம்பளம் போடறாங்களா என்ன? டியூட்டிக்கு வந்துட்டே இருக்காரு?" என்றாள் அக்கா.

"சிரிக்காதக்கா. அவர் சொல்றது சரிதான். நான் செய்யறது எதுவுமே தேறாது."

"அவர் எங்கடி சொல்றாரு? நீதான சொல்ற."

அவள் தட்டைக் கழுவப் போனாள். அக்காவுக்கு என்ன தெரியும்? அந்த முதல் கண்ணின் கதையை அக்காவிடம்கூட அவள் சொன்னதில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணைப் பொருத்தியதும், நல்லா இருக்கா என்று யாரையும் கேட்கக் கூடாது. நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதில் என்ன பிரயோஜனம்? வராந்தாவில் போகிற யாராவது ஒருவரை, அந்த நோயாளியை முன்னே பின்னே பார்த்திராத ஒருவரை உள்ளே கூப்பிட வேண்டும். செய்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு ஒரே கேள்வி: "எது நான் செஞ்சது?" வந்தவர் சட்டென்று சரியான கண்ணைக் காட்டிவிட்டால் கண் தோற்றது, உருக்கிவிட வேண்டியதுதான். தடுமாறினால், மாற்றிக் காட்டினால், ஜெயித்தது. இதில் பெரிய டாக்டரின் பேச்சுகூட எடுபடாது.

அவள் அங்கே பயிற்சிக்கு வந்து, வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், முதன்முதலாகத் தானே முழுசாகச் செய்த கண் ஒரு தையற்காரம்மாவுக்கு. பொருத்துவதற்கு முன்னால் பெரியவர் அதைக் கை நீட்டி வாங்கினார். "த்சு" என்றார். ஜன்னல் பக்கம் போய் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள் லேசாக அசைந்தது. என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. தூரிகையும் சாயக் கிண்ணங்களும் ஜன்னல் மேடையில்தான் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கண்ணைக் கொடுத்தார். அன்றைக்கு உள்ளே கூப்பிட்ட ஆள் தலையைச் சொறிந்து சொறிந்து, கடைசியில் நல்ல கண்ணைக் காட்டிவிட்டுப் போனான். அவளுக்கு வேலை கிடைத்தது.

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளைப் பிடித்த பேய். அவர் ஏதோ திருத்தியிருக்கிறார். தேறாத கண்ணைத் தேற்றியிருக்கிறார். இந்த வேலை, இந்தச் சம்பளம், கண்ணுக்காரம்மா என்கிற பெயர், எல்லாம் அவர் போட்ட பிச்சை. என்றைக்காவது ஒரு நாள் சாயம் வெளுக்கும், எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். அவர் உயிரோடு இருந்தவரை, திருத்துவதற்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டிவிட்டாள். இப்போது தனியாக மாட்டிக்கொண்டாள்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தவர்தான் சலூன்காரர். பைக்கில் போகும்போது முன்னால் போன வண்டியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அவர் தொழிலைப் பாருங்கள். வாடிக்கைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே கண்ணாடியில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறான். குழி விழுந்த முகத்தோடு ஒருவர் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியைக் கொண்டுவந்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. மனுஷன் வாய் ஓயாமல் பேசுகிறவர், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குச் செய்த முதல் கண்ணுக்கு "த்சு" வந்தது. அடுத்ததற்கும் வந்தது. அதற்கடுத்ததற்கும். வராந்தாவிலிருந்து ஆள் கூப்பிடுகிற கட்டத்துக்கே அவள் போகவில்லை. தானே பார்த்து, தானே தோற்கடித்து, உருக்கவும் மனம் வராமல் மேஜை இழுப்பறையில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டாள். இழுப்பறையை இழுக்கும்போதெல்லாம் டப்பா உருண்டு, உள்ளே சலூன்காரர் கலகலவென்று சத்தம் போட்டார். மூடியைத் திறந்தால் ஒரே பழுப்பில் நாலைந்து கண்கள், நிமிர்ந்தும் கவிழ்ந்தும், அவளையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அவள் இழுப்பறையைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

பெரிய டாக்டர் ஒரு நாள் அறைக்கே வந்துவிட்டார். அவர் உட்காராமல் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அவருக்கு ஏன் இன்னும் குடுக்கலை? குழி காலியா இருந்தா சுருங்கிடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? இப்பவே சுருங்கிட்டு வருது. இன்னும் தள்ளிப்போனா யார் செஞ்சாலும் நிக்காது. மறுபடியும் கத்தி வெக்கணும்."

"சரியா வரலை, டாக்டர்."

"எனக்குச் சரியா தெரிஞ்சா போதாதா?"

டாக்டர் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "நாளைக்கு அவரை வரச் சொல்லியிருக்கேன். நாளைக்கும் இல்லைன்னா வேற ஊருக்கு எழுதிக் குடுத்துடறேன். இந்த ரூமைப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்."

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னாள். "நாளைக்கு அந்தச் சலூன்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, வேலையை விட்டுட்டு வந்துடறேன்."

அக்கா கேலி செய்யவில்லை. தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் மாடி ஏறி வந்தவள் வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். அறைக்கு எதிரே பெஞ்சில் தையற்காரம்மா உட்கார்ந்திருந்தாள். வயசு ஏறியிருந்தது, உடம்பு இளைத்திருந்தது. ஆனாலும் அந்த நிமிர்ந்த கழுத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். பல வருஷமாகக் கண்ணுக்குப் பாலிஷ் போட வராமல் இருந்துவிட்டு, இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறாள். பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

பத்தடி தூரத்திலிருந்தே கண்ணுக்காரம்மாவுக்குக் குறை தெரிந்துவிட்டது. அந்தக் கண்! கருவிழியின் ஓரத்தைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம். வெள்ளையில், மூக்குப் பக்கமாக, மஞ்சளாக ஒரு திட்டு. நரம்பு இழைகள் தாறுமாறாக, ஒரு பக்கம் அடர்த்தியாக, ஒரு பக்கம் ஆளே இல்லாமல். எந்தக் கண்ணால் தனக்கு வேலை கிடைத்ததோ அந்தக் கண் பல்லை இளிக்கிறது. பெரியவர் திருத்தியும் தேறவில்லை என்றால், அடியில் தான் செய்தது எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும்? தோளுக்குப் பின்னால், வராந்தாவிலேயே, நாற்காலி இல்லாத இடத்திலேயே, "த்சு" என்று கேட்டது.

அவள் கிட்டே போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. இவ்வளவு வருஷம் இதைப் போட்டுக்கிட்டா நடந்தீங்க? வளையம் எல்லாம் வெளுத்துப்போச்சு, வெள்ளை மஞ்சளாயிடுச்சு. நரம்பைக்கூட நான் ஒழுங்கா ஓட்டலை. உங்களுக்குப் புதுசா ஒண்ணு செய்யச் சொல்லி எழுதிக் குடுத்துட்டுப் போறேன். நான் செய்யமாட்டேன், பயப்படாதீங்க, நல்ல ஆளா பாத்து..."

தையற்காரம்மா ஒன்றும் புரியாமல் விழித்தாள். "எந்தக் கண்ணும்மா சொல்ற?"

"இதுதான்." அவள் விரலை நீட்டிக் காட்டினாள்.

அந்த அம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! அது என் சொந்தக் கண்ணும்மா. பொறந்ததுலேருந்து கூடவே இருக்கு. வயசாச்சுல்ல, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீ செஞ்சது இது." என்று சொல்லி, அடுத்த கண்ணை நகத்தால் தட்டினாள்.

டிக், டிக்.

கண்ணுக்காரம்மா பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் அசடு வழிந்தது. நாள் முழுக்கக் கண்ணைப் பார்த்தே பிழைக்கிறவள், செய்தது எது, பிறந்தது எது என்று தெரியாமல் விரல் நீட்டியிருக்கிறாள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இப்போதுதான் அடுத்த கண்ணைப் பார்த்தாள். ஈரமாக, சாதுவாக, எதையும் நிரூபிக்கிற அவசரம் இல்லாமல் அது இருந்தது. பாலிஷ் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அதை அவள் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கவில்லை? எதில் குறை தெரிந்ததோ அது தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டாள். மற்றது தன்னுடையதாக இருக்க வழியே இல்லை. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனாலும் பேய் லேசில் விடுமா? அவளை ஒரு கேள்வி கேட்க வைத்தது.

"அம்மா, அன்னைக்குப் பெரியவர் கண்ணை வாங்கிட்டு ஜன்னல் பக்கம் போனாரே. நீங்க ஜன்னல் ஓரத்துலதான் உக்காந்திருந்தீங்க. அவர் என்ன பண்ணாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேனே. என்ன பண்ணாரு, வாயால ஊதினாரு. சட்டை நுனியில துடைச்சாரு. மறுபடியும் ஊதினாரு, மறுபடியும் துடைச்சாரு. வெளியில ரோட்டைப் பாத்துட்டு நின்னாரு. நான்கூட நெனச்சேன், எவ்வளவு அழுக்குச் சட்டை, அதுலயா துடைக்கணும்னு."

"பிரஷ்ஷை எடுக்கலை?"

"ஒண்ணும் எடுக்கலையே."

இத்தனை வருஷம் கழித்து இந்த வார்த்தையைக் கேட்டால் நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்க வேண்டும் அல்லவா? இறங்கவில்லை. உள்ளே ஒரு குரல் உடனே எழுந்தது: இந்தம்மாவுக்கு அன்றைக்கு ஒரே கண், அதுவும் அழுதுகொண்டிருந்தது, தூரிகையை எடுத்தது எங்கே தெரிந்திருக்கும்?

அப்போதுதான் அவள் அதைக் கையும் களவுமாகப் பிடித்தாள். இதே குரல்தான் இப்போது, இதே பெஞ்சில், ஒரு பிறவிக் கண்ணைத் தேறாது என்று தள்ளியது. பிறவிக் கண்ணே தேறாது என்கிற குரலுக்கு என்ன காட்டினாலும் போதாது. சாட்சி வந்தால் சாட்சிக்குப் பார்வை போதாது என்கிறது. பாஸான கண்ணை அவர் திருத்தியது என்கிறது, தோற்ற கண்ணை மட்டும் உன்னுடையது என்கிறது. இதற்கு வேலை தெரியாது. இதற்குத் தெரிந்தது அவளை மட்டும்தான். அவள் கைபட்டது என்று நினைத்தால் போதும், த்சு.

அது பெரியவர் இல்லை. பாவம், அந்த மனுஷன் ஊதித் துடைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவள்தான் அவரைச் செத்த பிறகும் வீட்டுக்குப் போகவிடாமல் நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தாள். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். தையற்காரம்மா பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்துக் கொடுத்தாள். தைத்து மிஞ்சிய பூப்போட்ட துண்டு.

"பாலிஷ் போட்டுக் குடுப்பியா, மாட்டியா?" என்றாள்.

"குடுக்கறேம்மா. கொஞ்சம் இருங்க, முதல்ல ஒருத்தருக்கு அவசரம்."

சலூன்காரர் வந்தபோது அவள் இழுப்பறையை இழுத்து டப்பாவை மேஜை மேல் வைத்திருந்தாள். மூடியைத் திறந்தாள். எல்லாக் கண்களும் அவளைப் பார்த்தன, அவளும் பார்த்தாள். முதலில் செய்தது எது என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்தாள்.

"ஐயையோ, இத்தனை கண்ணா? நான் என்ன கடவுளா?" என்றார் சலூன்காரர்.

"பேசாம இருங்க தம்பி."

குழி சுருங்கியிருந்ததால் கண்ணின் பின்பக்கத்தை இழைக்க வேண்டியிருந்தது. இழைத்து, போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடியும் இழைத்தாள். இமையின் மேல் ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, கடைசியில் படிந்தது. இன்னும் ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் படிந்திருக்காது. அந்தத் தாமதம் அவளுடையது, குரலுடையது அல்ல. அதை அவள் ஒப்புக்கொண்டாள். மேல் இமையில் ஒரு சின்னச் சுருக்கம் இனி இருக்கத்தான் செய்யும் என்று அவரிடமும் சொன்னாள்.

"இருந்துட்டுப் போகுதும்மா. கண்ணாடியைக் குடுங்க."

"இன்னும் இல்லை."

வராந்தாவில் எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு போய்க்கொண்டிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சுண்ணாம்பு உரிந்த சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணே, எது நான் செஞ்சது?"

பின்னால் லிஃப்ட்காரர் தூக்கைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. கிட்டே போகிற செருப்பு ஓசை. ஒரு பெருமூச்சு.

"இது... இல்ல, இருங்க. மேல பாருங்க தம்பி. இப்படிப் பாருங்க. இதுதான். இடது கண்ணு. அதுலதான் உயிர் கொஞ்சம் கம்மியா இருக்கு."

சலூன்காரர் வெடித்துச் சிரித்தார். "அண்ணே, இடது கண்ணு எங்க அம்மா குடுத்தது!"

லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டு தூக்கை எடுத்தார். பெஞ்சிலிருந்து தையற்காரம்மாவும் சிரிப்பது கேட்டது. அவள் திரும்பினாள். சலூன்காரர் சிரித்துக்கொண்டே அழுதார், இரண்டு கன்னத்திலும் தண்ணீர் வழிந்தது. இப்போது அவருக்குக் கண்ணாடியைக் கொடுத்தாள்.

இடது தோளுக்குப் பின்னால், "த்சு."

அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். முன்பானால் இந்நேரம் கண்ணைக் கழற்றி டப்பாவில் போட்டிருப்பாள். இன்றைக்கு நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள்.

"சரி, நீ சொல்லு," என்றாள். "எது நான் செஞ்சது?"

நாற்காலியிலிருந்து பதில் வரவில்லை. அவள் நின்று காத்திருந்தாள், வழக்கப்படி கேட்ட கேள்விக்கு வழக்கப்படி நேரம் கொடுத்தாள். குஷனில் அந்தப் பள்ளம் இருந்தது, அதில் வெயில் விழுந்திருந்தது.

"யார்கிட்ட பேசறீங்க?" சலூன்காரர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

"அந்தப் பக்கம் ஒரு ஆள் ரொம்ப நாளா குறை சொல்லிட்டு இருந்துச்சு. தெரியலையாம்."

முக்காலியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். நாற்காலியை மேஜைக்கு இழுத்தாள், அது கிறீச்சிட்டது. பெரியவர் குள்ளம், அவர் உயரத்துக்கு அடியோடு இறக்கி வைத்திருந்தது. பக்கத்தில் இருந்த திருகை இறுகப் பிடித்துத் திருப்பி, தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகுக்குச் சாய்மானம் கிடைத்தது.

"அம்மா, உள்ள வாங்க," என்று தையற்காரம்மாவைக் கூப்பிட்டாள்.